நாலு மைலில் நிற்கும் வண்டி

ஐம்பதுகளின் கடைசியில் என் மனைவி காசநோயோடு ஆறு வாரம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். பார்வை நேரம் மாலை ஐந்திலிருந்து ஆறு வரை. எனக்கு வேலை தீவின் வடகோடியில், கப்பல் பட்டறையில். நாலு மணிக்குச் சங்கு ஊதும். பஸ் மாறிப் போய்ச் சேர்வதற்குள் மணி அடித்து எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள். ஆகவே அவளைப் பார்ப்பதென்றால் என் மோட்டார் சைக்கிள் மனம் வைக்க வேண்டும்.

யுத்தத்துக்கு முந்திய இங்கிலீஷ் வண்டி, ஒற்றை சிலிண்டர். அவள் படுத்த பிறகுதான் மக்கர் பண்ண ஆரம்பித்தது. கிளம்பும்போது சமர்த்தாகக் கிளம்பும். நாலு மைல் தாண்டியதும் திணறும், துப்பும், அணைந்துவிடும். கால் மணி நேரம் சும்மா நிறுத்தி வைத்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

நானும் பட்டறைக்காரன், எனக்குத் தெரியாததா என்ற திமிர் எனக்கு. சூடேறினால் நிற்கிறது, ஆறினால் ஓடுகிறது. அப்படியென்றால் பிளக்குக்குப் பொறி அனுப்பும் மேக்னெட்டோதான் என்று முடிவு கட்டிவிட்டேன். பிளக்கை மாற்றினேன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். மேக்னெட்டோவின் சுருளைப் புதிதாகச் சுற்றக் கொடுத்தேன். ஒருநாள் வழியில் தோ பாயோ என்ற இடத்துச் சதுப்போரம் நின்றுவிட்டபோது, பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்தேன். மூடியின் நடுவில், படுப்பதற்கு முந்தின நாள் அவள் ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டு காய்ந்திருந்தது. பூஜைக்கு வைத்த பொட்டை நாங்கள் துடைப்பதில்லை, தானாக உதிர வேண்டும். அதனால் விரல் படாமல் ஓரத்தைப் பிடித்துத்தான் திருகினேன். உஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே பெட்ரோல் தளும்பியது. மூடிவிட்டு உதைத்தேன், உடனே கிளம்பியது. எஞ்சின் ஆறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆஸ்பத்திரி வாசல் காவலாளி நம்மவர். தினமும் என்னைப் பார்த்ததும் சிரிப்பார். "இன்னைக்கும் லேட்டாண்ணே? போங்க, இன்னும் பத்து நிமிசம் இருக்குலா."

அந்தப் பத்து நிமிடத்தில் ஒருநாள் அவள் கேட்டாள். "என்னங்க, கையெல்லாம் கரி. வண்டி இன்னைக்கும் நின்னுடுச்சா? திட்டாதீங்க அதை. நல்லபடியா கொண்டுவந்து சேர்க்கணும்னு வேண்டிக்கிட்டுத்தான் பொட்டு வச்சேன்."

"பொட்டு வச்சா மேக்னெட்டோ சரியாயிடுமா?" என்று எரிந்து விழுந்தேன். களைப்பு. அவள் அதற்கப்புறம் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை. இந்த ஒரு வாக்கியத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள முடிந்தால் போதும் என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

புதுச் சுருளைப் பட்டறையில் வைத்து மாட்டிய அன்றைக்கே, மத்தியானம், அவளுக்கு ரொம்ப முடியவில்லை, உடனே வரவும் என்று பட்டறைக்குப் போன் வந்தது. கூட வேலை செய்தவர் தன் வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வேண்டாம், வண்டியைச் சரிபண்ணிவிட்டேன், இதுதான் சீக்கிரம் என்றேன். வழியில் மூன்று முறை நின்றது. மூன்றாம் முறை ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேன். போய்ச் சேர்ந்தபோது வாசலில் யாரோ வேறு ஆள் நின்றார். உள்ளே அவள் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

நர்ஸ் தமிழ்ப் பெண். "இப்பத்தாண்ணே, அரை மணி நேரம் ஆச்சு. வண்டிச் சத்தம் கேக்குதா, வண்டிச் சத்தம் கேக்குதான்னு கேட்டுக்கிட்டே இருந்தாங்க" என்றாள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு, விற்றுத் தொலைக்கலாம் என்று சிராங்கூன் ரோட்டுச் சந்தில் இருந்த மெக்கானிக் பாயிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எஞ்சினைத் தொடவே இல்லை. டாங்கி மூடியைத்தான் பார்த்தார்.

"தம்பி, பால் டின்னுல ஒரே ஓட்டை போட்டா பால் எறங்குமா? காத்து உள்ள போனாத்தான் பெட்ரோல் எறங்கும், அதுக்கு இதுல ஒரு ஓட்டை இருக்கு. சந்தனம் அடைச்சிருக்கு."

சொல்லிக்கொண்டே கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். நான் இருங்க என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பொட்டு உதிர்ந்துவிட்டது. விரலைக் கைலியில் துடைத்துக்கொண்டு, ஓட்டையில் கம்பியை விட்டுக் குத்தினார். தினமும் காலையில் அவள் கட்டிப்பால் டின்னில் இரண்டு ஓட்டை போடுவதைப் பார்த்துக்கொண்டு காப்பிக்குக் காத்திருந்தவன் நான். எனக்கு ஏன் தோன்றவில்லை? அவள் வேண்டிக்கொண்டு வைத்ததே என்னை ரோட்டில் நிறுத்தியது என்று யாரிடமும் நான் சொன்னதில்லை. அவள் அக்கா, ஏன் தாமதம் என்று கேட்டபோதுகூட வண்டி கோளாறு என்று மட்டும் சொன்னேன்.

திங்கட்கிழமை வேலைக்குப் போனேன். நாலு மணிக்குச் சங்கு ஊதியது. வண்டியை எடுத்தேன். நாலு மைல் தாண்டியது, எட்டு மைல் தாண்டியது, ஒரு தும்மல்கூட இல்லை. வீட்டுக்குப் போகவேண்டியவன் பழக்கத்தில் எங்கே திரும்பினேன் என்று ஆஸ்பத்திரி வாசலில் நின்ற பிறகுதான் தெரிந்தது. ஐந்தடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

லீவு முடிந்து திரும்பியிருந்த, விஷயம் தெரியாத பழைய காவலாளி எழுந்து வந்து கேட்டைத் திறந்தார்.

"பரவால்லையே அண்ணே, இன்னைக்கு சீக்கிரமே வந்துட்டீங்க."