சுவரிலிருந்து சுரண்டிய சுண்ணாம்பு

என் வீட்டுக்காரருக்குத் தேயிலை ஃபெக்டரி அடுப்பில் தீ போடுகிற வேலை. விறகு தட்டுப்பாடு வந்தபோது தோட்டத்தில் நிலக்கரி போட்டுப் பார்த்தார்கள். அந்தப் புகை, பட்டாசு வெடித்த நாற்றத்தோடு நேரே தொழிலாளர் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில்தான் வந்து இறங்கியது. எனக்கோ ஏற்கெனவே இழுப்பு. மார்கழிக் குளிரும் சேர்ந்ததும் மூச்சுக்குத் திணறிப் போனேன். இது அடங்காவிட்டால் பொங்கலுக்கு இங்கே இருக்க மாட்டேன், கினிகத்தேனைக்கு அக்கா வீட்டோடு போய்விடுவேன் என்று பையைக் கட்டி வைத்தேன்.

"நீ போயிட்டா எனக்கு யாரு சோறு போடுறது?" என்றார். பாசத்தை அவர் அப்படித்தான் பேசுவார்.

ஆனாலும் மனிதர் சும்மா இருக்கவில்லை. கொழும்பிலிருந்து வந்துபோகும் இன்ஜினியரை நச்சரித்து, கரியோடு கலக்க ஒரு தூள் அனுப்புவதாக வாக்கு வாங்கிவிட்டார். அன்றிலிருந்து லயம் முழுக்கச் சொல்லி அவருக்கு ஒரே பெருமை. "வெளிநாட்டுத் தூள் வருது. புகை வாயப் பொத்திக்கிட்டுப் போயிரும்."

லொறியில் வந்து இறங்கியது சுண்ணாம்பு மூட்டை. பொங்கலுக்கு முன்னால் லயத்துக்கு வெள்ளையடிக்கத் தோட்டத்தில் வருடாவருடம் கொடுப்பதுதான். இவருக்குச் சந்தேகமே வரவில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று வாளி வாளியாக அள்ளிக் கொடுத்தார். எங்கள் முன்சுவரைத் தாமே அடித்து, தள்ளி நின்று அழகும் பார்த்தார்.

சுவரெல்லாம் காய்ந்த பிறகு இன்ஜினியர் வந்தார். "தூள் எங்க?"

"இன்னும் வரலீங்க ஐயா."

அவர் பளிச்சென்று நின்ற லயத்தைப் பார்த்தார். "அதுதான் தூள். கரியில கந்தகம் இருக்கு. சுண்ணாம்பு கலந்து எரிச்சா கந்தகம் அதுல ஒட்டிக்கிட்டு சாம்பலோட தங்கிரும், புகையில போகாது. இனிப் பொங்கல் கழிச்சுத்தான் அடுத்த லோடு."

வீட்டுக்கு வந்தவர் என் பையையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு என்னைத் தூசி படாத தூரத்தில் உட்கார வைத்துவிட்டு, மலையில் புல் வெட்டுகிற சுரண்டியை எடுத்து, தான் அடித்த சுவரைத் தானே சுரண்ட ஆரம்பித்தார். பக்கத்து வீட்டுக்காரி வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தாள். சுரண்டியதில் ஒரு வாளிகூட நிறையவில்லை; அதைத் தூக்கிக்கொண்டு ஃபெக்டரிக்குப் போனார். இன்ஜினியரும் சிரித்தார். ஆனால், "சுவர்ல ஏறினாலும் சுண்ணாம்பு சுண்ணாம்புதான், போடுங்க" என்றார்.

வேலை முடிந்து இவர் வீட்டுக்கு ஓட்டமாக வந்தார். முகமெல்லாம் கரி, மீசை மட்டும் வெள்ளை.

"இப்ப எப்படி இருக்கு?"

அந்தக் கையளவு சுண்ணாம்பு அத்தனை பெரிய அடுப்புக்கு எந்த மூலைக்கு? நெஞ்சு அப்படியேதான் இழுத்தது.

"நல்லா மூச்சு வருதுங்க," என்றேன். பையை அவிழ்த்துச் சேலைகளை மறுபடி கொடியில் போட்டேன்.

தையில் அடுத்த லோடு வந்து, புகையின் காரம் உண்மையாகவே குறைந்தது. இப்போது வருடாவருடம் லயம் முழுக்க வெள்ளையடிக்கிறார்கள். எங்கள் முன்சுவர் மட்டும் சொட்டையாக நிற்கிறது. அடித்துவிடட்டுமா என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் வாளியோடு வந்து கேட்கிறார். நான் விடுவதில்லை.