அம்மன் பெட்டியில் பத்து மெமரி

கலாராணி ஆறாவது கணினியின் மூடியைக் கழற்றினாள். இரண்டு பக்கக் கொக்கிகளையும் விரலால் தள்ளியதும் மெமரிக் குச்சி மேலே எழுந்தது. தாளில் சுற்றி பிஸ்கட் டின்னுக்குள் வைத்தாள். இன்னும் நான்கு இருந்தன.

"எல்லாத்தையும் கழட்டிட்டா நாங்க எதுல படிக்கிறது டீச்சர்?" மாணவி துஷாந்தினி கேட்டாள்.

"பொங்கல் லீவுக்குத்தானே. தெறக்குற அன்னைக்கே போட்டுருவேன்."

வெலிமடைப் பக்கம் ஒரு டியூஷன் வகுப்பில் கூரைத் தகரத்தைப் பிரித்து இறங்கியவர்கள் கணினிகளைத் தொடவில்லை. மூடிகளைக் கழற்றி மெமரியை மட்டும் கொண்டுபோயிருந்தார்கள். அதைக் கேள்விப்பட்டதிலிருந்து கலாராணிக்குத் தூக்கமில்லை. உலகம் முழுக்க மெமரிக்குத் தட்டுப்பாடு; போன வருடம் சீந்துவாரற்றுக் கிடந்த பழைய குச்சி ஒன்று, இப்போது பத்து நாள் கொழுந்து பறிக்கிற கூலிக்கு மேல்.

தெமோதரைக்கு மேலே இருக்கிற இந்தத் தேயிலைத் தோட்டத்தின் கணினி மையம், முன்பு பிள்ளை மடுவமாக இருந்தது. அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போன நேரத்தில் கலாராணி தொட்டிலில் கிடந்த இடம் அது. உயர்தரம் எழுதி, பதுளையில் டிப்ளோமா முடித்து, மடுவத்தைப் புது இடத்துக்கு மாற்றியபோது சாவியைக் கேட்டு வாங்கினாள். பத்துக் கணினிகளையும் கடிதம் எழுதி எழுதியே பெற்றாள். பதினோரு வருடமாகப் படிப்பிக்கிறாள். கல்யாணப் பேச்சு இரண்டு வந்தது. இரண்டு மாப்பிள்ளைகளும் மையத்தை விடச் சொன்னார்கள்.

இந்த முறை ஒன்பது பெண்கள். மையம் திறந்த மறுநாள் தொழிற்பயிற்சிப் பரீட்சை. சான்றிதழ் இருந்தால் பதுளையில் ஏதாவது கவுண்டரில் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். இல்லாவிட்டால் கொழுந்துக்கூடை, அல்லது கொழும்பில் கார்மெண்ட் தொழிற்சாலை.

மையத்தின் கதவை ஓர் உதையில் திறந்துவிடலாம். தோட்டத்தில் களவு போகாத இடம் ஒன்றுதான்: அம்மன் நகைகள் இருக்கும் இரும்புப் பெட்டி. டின்னைக் கொண்டுபோய்க் கோயில் தலைவர் அழகையாவிடம் கொடுத்தாள். பெட்டிக்குள் எதையும் பூசை செய்யாமல் வைக்கிற வழக்கமில்லை. பூசாரி டின்னைத் தாம்பாளத்தில் வைத்து, பூப்போட்டு, கர்ப்பூரம் காட்டினார். கலாராணி கும்பிட்டுக்கொண்டு நின்றாள். வேண்டாமென்று சொல்லத் தோன்றவில்லை.

பதினான்கு நாள் கழித்துப் போனபோது டின் மட்டும் இருந்தது.

"பதுளையில கம்பியூட்டர் கட வச்சிருக்க ஹுமைத்கிட்ட வித்தாச்சு. நல்ல வெல" என்றார் அழகையா. நவம்பர் மழையில் சரிந்த கோயில் சுவரின் அடியில் புதுக் கல் அடுக்கியிருந்தது. "சுயிங்கம் அளவு பத்துத் துண்டு. அதுல ஒரு செவரு எழும்புதுன்னா, அது அம்மன் செயல்தானே?"

"மாமா, அது சென்டர் சாமான். பத்திரமா இருக்கட்டும்னு குடுத்தேன்."

"தாம்பாளத்துல வச்சு கர்ப்பூரம் காட்டுனத நீயும் கும்பிட்ட. பெட்டிக்குள்ள போனது எப்பவாச்சும் திரும்பி வந்திருக்கா?"

"நாளைக்குப் பரீட்ச மாமா."

"அம்மன் பாத்துக்குவா."

"கம்பியூட்டர்ல மெமரி இல்லாம அம்மனாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

கல் அடுக்கியவர்கள் கையை நிறுத்தினார்கள். துஷாந்தினியின் அம்மா பெரியாயி மண்சட்டியைக் கீழே வைத்தாள். மகளுக்காகவாவது பேசுவாள் என்று கலாராணி நினைத்தாள்.

"வாயக் கழுவுங்க டீச்சர். அம்மனுக்குக் குடுத்தத திருப்பி வாங்கி, நாளைக்கு எம் புள்ளைக்கு மேலுக்கு முடியாமப் போனா நீங்களா வந்து பாப்பீங்க? ஒங்களுக்கு என்ன, புள்ளயா குட்டியா?"

கலாராணி வெறும் டின்னை எடுத்துக்கொண்டு இறங்கினாள். பதுளை பஸ்ஸில்தான் அது கையில் இருப்பதைக் கவனித்தாள்.

பதுளைக் கடைத்தெருவில் ஹுமைத்தின் கடை கூட்டமாக இருந்தது. வாங்க வந்தவர்கள் குறைவு. கம்பஸில் படிக்கிற பையன் ஒருவன் தன் மடிக்கணினியில் இருந்த இரண்டு மெமரியில் ஒன்றை விற்றுக்கொண்டிருந்தான். இன்னொருவர் விலை கேட்டார், சிரித்தார், போய்விட்டார்.

"இப்ப இப்பிடித்தான் டீச்சர்" என்றார் ஹுமைத். "அரைவாசிய வித்துப்போட்டு, மெதுவா ஓடினாப் பரவால்லங்கிறாங்க. ஒங்கட தலைவர் கோயில் லெட்டரோட வந்தார். களவுச் சாமான் இல்ல தானே, எடுத்தேன்."

"எனக்குத் திருப்பி வேணும்."

"எட்டுத் துண்டு அண்டைக்கே கொழும்புக்குப் போயிட்டு. ரெண்டுதான் கிடக்கு." கல்குலேட்டரைத் தட்டித் திருப்பிக் காட்டினார். கோயிலுக்குக் கொடுத்த விலையைவிட அது எவ்வளவோ அதிகம்.

"போன கிழமைதானே எடுத்தீங்க நானா?"

"காலையில ஒரு வெல, பின்னேரம் ஒரு வெல. நான் குறைச்சுக் குடுத்தா, நாளைக்கு நானே கூடக் குடுத்துத்தான் எடுக்கணும்."

கையிலிருந்த பணத்தை வைத்தாள். போதவில்லை. கைபேசியை அதன்மேல் வைத்தாள். ஹுமைத் அதைத் திருப்பிப் பார்த்து, கண்ணாடியில் இருந்த கீறலைத் தடவினார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து இரண்டு குச்சிகளை எடுத்துத் தந்தார்.

மறுநாள் எட்டரைக்குப் பரீட்சகர் இரகுநாதன் வந்தார். ஆளுக்கு ஒரு கணினி, ஆளுக்கு இரண்டு மணித்தியாலம் என்பது விதி. இரண்டு கணினிகள் ஓடின. இன்னொரு நாள் தர முடியுமா என்று கலாராணி கேட்டாள். அடுத்த பரீட்சை அடுத்த வருடம் என்றார். மாணவிகள் பெயர் வரிசைப்படி இரண்டிரண்டு பேராக உட்கார்ந்தார்கள். மதியம் அரை மணி நேரம் மின்சாரம் இல்லை. நாலரைக்குப் பரீட்சை முடியவேண்டும்; அதற்குள் ஆறு பேர்தான் முடித்தார்கள். துஷாந்தினி அதில் இல்லை. மீதி மூன்று பெயர்களுக்கு நேரே இரகுநாதன் 'சமுகமளிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். அந்த மூவரும் காலையிலிருந்து வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். ஐந்து மணி பஸ்ஸில் அவர் போனார். கோயிலில் சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது.