கூண்டில் கிடந்த கோழி

எங்கள் மாமா உயிருள்ள கோழியைப் பார்த்ததே கிடையாது. அவர் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் குழம்புதான். அம்மாவின் ஒரே அண்ணன். ரப்பர் தோட்டத்தில் மண்டோராக இருந்து வேலையாட்களை விரட்டியவர். தோட்டம் கைமாறி, ரப்பர் மரங்கள் போய்ச் செம்பனை வந்து, நாங்களெல்லாம் பாடாங் செராய்ப் பக்கம் மலிவு விலை வீடுகளுக்குக் குடிவந்த பிறகும் அந்தக் குரலை மட்டும் அவர் இறக்கி வைக்கவில்லை. விரட்ட ஆளில்லாததால் எங்கள் வீட்டுக்கு வருவார்.

வீட்டுக்குப் பின்னால் கம்பி வேலி போட்டு அம்மா கோழி வளர்க்கிறார். அதில் சின்னக் கறுப்பி ஒன்றுதான் முட்டையை விட்டு எழாமல் அடைகாக்கும். மற்றவை முட்டையிட்டதும் ஊரைக் கூட்டுவதோடு சரி. மழைக்காலத்தில் அந்தக் கறுப்பிக்குச் சளி பிடித்தது. ஒரு கண் வீங்கி மூடிக்கொண்டது. தும்மிக்கொண்டே வேலியோரம் சுருண்டு நின்றது.

மாமா செருப்பைக் கூடக் கழற்றவில்லை. வேலிக்கு வெளியிலிருந்தே தீர்ப்புச் சொன்னார்.

"இது தேறாது தங்கச்சி. சாவறதுக்குள்ள அறுத்துரு. மொளகு தூக்கலா போட்டுட்டா சீக்கெல்லாம் பறந்துரும்."

அண்ணன் சொல்லை அம்மா ஒரே ஒருமுறைதான் தட்டியிருக்கிறார். என் படிப்பை நிறுத்திவிட்டு லாரி வேலைக்கு அனுப்பச் சொன்னபோது. மாமா அதை இன்னும் மன்னிக்கவில்லை.

"நான் பாத்துக்கறேன் மாமா. மத்த கோழிக்கும் ஒட்டிக்கும், கூண்டுல தனியா வச்சிர்றேன்" என்றேன்.

"கேட்டியா தங்கச்சி! நம்ம குடும்பத்துலயே மொதமொத பட்டம் வாங்குனவரு, கோழிக்கு நர்சு வேல பாக்கப் போறாராம்லா!" தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்துவிட்டு, குரலை மாற்றினார். "முனியாண்டி பூசைக்கு வருவேன். அன்னிக்கும் இது கூண்டுல கெடந்துச்சின்னா நானே அறுத்துருவேன், ஆமா."

நோய்க்கோழியைச் சாமிக்குப் படைக்கலாமா என்றெல்லாம் அவர் யோசிப்பதில்லை. அவர் பக்தி இலை போடும்போது தொடங்கி, இலையை எடுக்கும்போது முடிந்துவிடும். அம்மா சரியென்று தலையாட்டினார்.

பழுதாகிக் கிடந்த துணி துவைக்கும் இயந்திரத்தின் மேல் பழைய நாய்க்கூண்டை ஏற்றி, துண்டை விரித்துக் கறுப்பியை வைத்தேன். வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கண் பீளையைத் துடைப்பேன். தீவனக் கடையில் கொடுத்த மருந்துத் தூளைக் கலக்கி அலகோரம் சொட்டுச் சொட்டாக விடுவேன். வேலைக்குப் போகுமுன் ஒருமுறை, வந்ததும் ஒருமுறை. மாமாவும் தவறாமல் கைப்பேசியில் குரல்பதிவு அனுப்புவார்: "டாக்டரு, பேசண்டு எப்படி? மொளகு அரைக்கவா?"

கண் திறந்தது. தும்மல் நின்றது. ஒரு நாள் காலையில் என் விரலோடு சேர்த்துச் சோற்றைக் கொத்தியது. அதற்குப் பிறகும் அவசரப்படாமல் சில நாள் வைத்திருந்து, பிறகுதான் வேலிக்குள் இறக்கிவிட்டேன்.

மாமாவை விடக் கேவலமான கூட்டம் ஒன்று உண்டு என்று அன்றைக்குத் தெரிந்தது. ஒரே தட்டில் தின்று, ஒரே கம்பில் ஒட்டிக்கொண்டு தூங்கிய கோழிகள், கறுப்பியை முன்பின் பார்த்திராதவை போல் முறைத்தன. பெரிய கறுப்புக் கோழி ஒன்று முதுகில் ஏறிக் கொண்டையைக் கொத்தியது. ரத்தத்தைப் பார்த்ததும் மற்றவற்றுக்கும் வீரம் வந்துவிட்டது. சேவல் என்று ஒன்று இருக்கிறதே, அது கொஞ்சம் தள்ளிப்போய் மண்ணைக் கிளறியது.

கறுப்பியை மீட்டு மறுபடி கூண்டில் வைத்தேன். அம்மா கொண்டைக்கு மஞ்சள் தடவினார்.

"பூச வந்துருச்சிப்பா. பேசாம அண்ணன் சொன்ன மாதிரியே..." முடிக்காமல் விட்டுவிட்டார்.

அந்த ரத்தத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான், கூண்டில் இருக்க வேண்டியது இதுவல்ல என்று தோன்றியது. கூண்டைச் சோப்புப் போட்டுத் தேய்த்து வெயிலில் காயவைத்தேன். பெரிய கறுப்பை அமுக்கிப் பிடித்து உள்ளே அடைத்தேன். சின்னக் கறுப்பியைத் திரும்ப இறக்கினேன். தலைமை இல்லாத கூட்டம் எதைச் செய்வதென்று தெரியாமல் தவிட்டைத் தின்னப் போய்விட்டது. கறுப்பியும் ஓரமாக நின்று தின்றது. அடுத்தடுத்த நாள்களில் ஓரத்தை விட்டு உள்ளே வந்தது.

பூசையன்று மாமா நேராகக் கூண்டுக்குத்தான் போனார்.

"பாத்தியா தங்கச்சி, நான் அப்பவே சொல்லல? கண்ணப் பாரு, செத்த கண்ணு. இன்னிக்கிப் பொழுது தாண்டாது. கத்திய எடு." உள்ளே அந்தக் கொழுத்த கோழி கோபத்தில் உப்பி நின்றது. மாமா வேலிப் பக்கம் கையைக் காட்டினார். "அங்க மேயுது பாரு, சின்னதா ஒன்னு. அதாண்டா கோழி. என்னா சுறுசுறுப்பு!"

அம்மா கையில் பால் கலக்காத தேயோக் கோப்பையுடன் வந்து நின்றார்.

"அண்ணே, நீங்க தேறாதுன்னு சொன்னதுதாண்ணே அது. கூண்டுல இருக்கறது அதக் கொத்துன ரவுடி."

மாமா ஒருமுறை கூண்டையும் ஒருமுறை வேலியையும் பார்த்தார்.

"தெரியும்லா. ஒம் மவன் என்னா சொல்றான்னு சும்மா பாத்தேன்." உடனே கூண்டுப் பக்கம் குனிந்தார். "சரி, சீக்கு இல்லன்னா இன்னும் நல்லதாப் போச்சு. இதையே அறுத்துரலாம்ல?"

"அறுக்கறதுக்கு இங்க கோழி இல்லண்ணே. தேயோ ஆறுது, குடிங்க."

அம்மா அவர் சொல்லைத் தட்டியது அது இரண்டாவது முறை. மாமா ஒரு வாய் குடித்துவிட்டு, சீனி பத்தவில்லை என்றார்.