கால்மிதியாகக் கிடக்கும் பொன்னாடை

சாத்தான்குளத்தில் அக்கா வீட்டு வாசலில் கிடக்கும் கால்மிதியை உற்றுப் பார்த்தால் ஓரத்தில் ஜரிகை தெரியும். அது ஒரு பொன்னாடை. அரசாங்க மேடையில் ஓர் அதிகாரி அக்காவுக்குப் போர்த்தியது. அக்கா அதை நாலாக மடித்து, அடியில் சாக்கு வைத்துத் தைத்துப் போட்டிருக்கிறாள். நைந்துபோனால் மறுபடி தைப்பாளே தவிர, தூக்கி எறிய மாட்டாள். வருகிறவர்கள், "சரிகையெல்லாம் இருக்கு, இதையா மிதிக்கச் சொல்லுத?" என்று தயங்குவார்கள். நான் தயங்குவதில்லை. காலை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன். அந்த அதிகாரியை மன்னிக்க எனக்கு இன்றுவரை தோன்றவில்லை. தோன்ற வேண்டிய அவசியமும் இல்லை.

தொண்ணூறுகளின் கடைசி அது. வீரவநல்லூர்ப் பக்கம், ஆற்றை ஒட்டிய ஊர் எங்களுக்கு. அக்கா பிளஸ் டூ, நான் எட்டாம் வகுப்பு. கணக்கில் அவளை அடிக்க ஆளில்லை. பாளையங்கோட்டையில் காலேஜ் சேர்ந்து கணக்குப் படிக்க வேண்டும், வேறு பேச்சே கிடையாது அவளுக்கு. ஊரில் கல்யாணங்களுக்கு வீடியோ எடுக்க இருந்தது ஒரே ஒரு கடை. அதன் முதலாளி புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தான். எங்கள் சித்தி கல்யாணக் கேசட்டில் இருந்து அக்கா முகத்தை எடுத்து ஏதோ ஓர் அசிங்கப் படத்தோடு ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டுப் போனில் அவளைக் கூப்பிட்டு மிரட்ட ஆரம்பித்தான். சொன்னபடி கேட்காவிட்டால் ஊரெல்லாம் காட்டுவேன் என்றான். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. அப்பா காதுக்குப் போனால் அன்றோடு படிப்பு போச்சு என்று அவளுக்குத் தெரியும். படத்தை விட அதற்குத்தான் அதிகம் பயந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் இந்த அதிகாரி பள்ளிக்கூடத்துக்கு ஜீப்பில் வந்து இறங்கினார். போன், வீடியோ, கம்ப்யூட்டர் என்று புதிது புதிதாக வருவதை வைத்துப் பிள்ளைகளை மிரட்டுகிறவர்களை அரசாங்கம் சும்மா விடாது, பயப்படாமல் சொல்லுங்கள் என்று மைக்கில் பேசினார். கூட்டம் கலைந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு போய் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். "ஏம்மா அழுத? உன் பேரு என் வாயில இருந்து வராது. நான் இருக்கேம்லா" என்றார். சொன்னபடி அவனைப் பிடிக்க ஏற்பாடு செய்தார். கம்ப்யூட்டரையும் போலீஸ் தூக்கிக்கொண்டு போனது. இதை நான் மறைக்கவில்லை. அதோடு அந்த மனுசன் சும்மா இருந்திருக்கலாம்.

ஆனால் நம் ஆபீஸ்களில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு நல்ல காரியம் நடந்தால் பந்தல் போட்டு, பெரியவர்களைக் கூப்பிட்டு, பொன்னாடை போர்த்தினால்தான் அது நடந்ததாகக் கணக்கு. பள்ளிக்கூட மைதானத்தில் விழா வைத்தார்கள். ஊரே வந்திருந்தது, அப்பாவும் முன்வரிசையில் இருந்தார். அதிகாரி மைக்கைப் பிடித்து, "புகார் கொடுத்த வீரப் பிள்ளையோட பேரை நான் சொல்ல மாட்டேன், அது ரகசியம்" என்றார். கைதட்டினார்கள். "அந்தப் பிள்ளை மட்டும் மேடைக்கு வரட்டும்" என்றார் அடுத்தாற்போல. அக்கா அசையவில்லை. அன்று நாங்கள் அதிகாரியிடம் பேசியதைப் பார்த்திருந்த டீச்சர்தான் முதுகில் கை வைத்துத் தள்ளிவிட்டார். அதிகாரி பொன்னாடையை விரித்துப் பிடித்தபடி சிரித்துக்கொண்டே நிற்க, வீடியோக்காரன் விளக்கை அக்கா முகத்துக்கு நேரே பிடித்தான். ஆபீஸ் விழாக்களுக்கு வழக்கமாக எடுக்கிறதும் அதே கடைதான், ஊரில் வேறு கடை ஏது? முதலாளி ஜெயிலில் இருந்ததால் கேமராவோடு வந்திருந்தது அவன் தம்பி. அக்கா அவனைப் பார்த்ததை நான் பார்த்தேன். அப்படியொரு முகத்தை அதற்குப் பிறகு நான் யாரிடமும் பார்த்ததில்லை. அவள் முகம் எந்தக் கடைக்குப் போகக் கூடாதோ, அந்தக் கடைக்கே இவர்கள் மேடை போட்டு எடுத்துக் கொடுத்தார்கள்.

மறுநாளில் இருந்து அப்பா அவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடவில்லை. பரீட்சைக்காவது அனுப்புங்கள் என்று அம்மா கெஞ்சியும் நடக்கவில்லை. அந்த வயதிலேயே, விசயம் தெரியாத ஊராகப் பார்த்துக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். அதிகாரி எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பதவி உயர்வில் வேறு மாவட்டம் போய்விட்டதாகக் கேள்விப்பட்டோம்.

போன வருசம் நான் வேலை பார்க்கும் திருநெல்வேலிப் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பெரியவர் வந்தார். என் வகுப்பில் படிக்கும் பேத்தியின் படத்தை எவனோ செல்போனில் மாற்றி வைத்துக்கொண்டு மிரட்டுகிறானாம். தலை நரைத்து, முதுகு வளைந்திருந்தாலும் அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? "பிள்ளை முகம் வெளிய தெரியக்கூடாது டீச்சர். ஒங்களுக்குத் தெரியாததா? பொம்பளைப் பிள்ளை, படிப்பு கெட்டுரும்" என்று கண்கலங்கினார். பிள்ளையின் அம்மாவோடு நானே ஓசைப்படாமல் போய்ப் புகார் கொடுத்தேன். ஆளைப் பிடித்தார்கள். ஒரு காக்கா குருவிக்கும் தெரியாது. நன்றி சொல்ல வந்தவரிடம், "பிள்ளைக்கு ஒரு பொன்னாடை போர்த்தலாமா சார், மைதானத்துல வச்சு?" என்று கேட்டேன். முதலில் விழித்தார். எந்த ஊர், யார் மகள் என்று சொன்னேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். நான் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

அந்த வாரமே சாத்தான்குளம் போய் அக்காவிடம் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் திட்டுவாள், அழுவாள் என்று நினைத்தேன். கேட்டு முடித்ததும், "அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் வருதா?" என்றாள்.

"வருதுக்கா. பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கு."

அக்கா எழுந்து வாசலுக்குப் போனாள். கால்மிதியை எடுத்துச் சுவரில் ஓங்கி ஓங்கி அடித்து மண்ணை உதறினாள். பிறகு அதை, ஜரிகை மேலே தெரிகிற மாதிரி, இருந்த இடத்திலேயே போட்டாள்.