அலுவல் நேரம் முடியாத வீடு

1986 ஜூன் ஒன்பதாம் தேதி, திங்கட்கிழமை, காலை பத்து மணிக்கு அஞ்சலகம் சித்தியின் வீட்டுக்குள் வந்தது. கம்பைநல்லூரை அடுத்த ஒரு சிற்றூரில் கிளை அஞ்சலகத்தை நடத்திவந்தவர் அவர். என் அம்மாவின் தங்கை. வாடகை அறையை உரிமையாளர் திரும்பக் கேட்டதால், முத்திரையும் பையும் கடிதங்களைப் பிரித்து வைக்கும் மரத்தட்டும் வீட்டின் முன்னறைக்கு மாறின. நடை மிச்சம் என்று எல்லோரும் மகிழ்ந்தோம்.

பத்திலிருந்து இரண்டு வரை என்று பலகை சொன்னது. ஊர் அதைப் பொருட்படுத்தவில்லை. விடியலில் ஒருவர் கார்டு கேட்பார். சோற்றில் கை வைத்த நேரத்தில் இன்னொருவர் மகன் எழுதிய கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்வார். "வூட்லதான இருக்கீங்க போஸ்ட்டம்மா. எங்களாட்டம் வெயில்லயா காயறீங்க?" என்று சிரிப்பார்கள். சித்தியும் சிரிப்பார். நான் அடுத்த விடுமுறைக்குச் சென்றபோது அந்தச் சிரிப்பு நின்றிருந்தது. உண்ணும்போதும் அவருடைய செவி கதவில் இருந்தது. குளியலறையில் தண்ணீரை ஓசையின்றி ஊற்றிக்கொண்டார்.

நவம்பரில் தாத்தாவின் நினைவுத் திருப்பலிக்குச் சித்தி வரவில்லை. பூசை முடியும்வரை அம்மா கோவில் வாசலையே பார்த்திருந்தார். "எழுதிப் போட்டும் வல்லியே. பெத்த அப்பனையே மறந்துட்டாளான்னு கேட்டுட்டு வா" என்று அன்றே என்னை அனுப்பினார்.

நான் கேட்டதும் சித்தி மரத்தட்டின் கீழறையிலிருந்து அம்மாவின் கடிதத்தை எடுத்தார். பங்குச் சாமியார் குறித்த நாள் அதனுள் இருந்தது. வந்துசேர்ந்த முத்திரைக்குப் பன்னிரண்டு நாள் வயது. ஒட்டு இன்னும் பிரியவில்லை.

"ஆபீஸ் நேரத்துல சொந்தக் கடுதாசி படிக்கறதில்ல, கண்ணு. முடிஞ்சதும் படிக்கலாம்னு வெச்சேன்." கடிதத்தைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: "முடியவே இல்ல."

பல ஆண்டுகளாக அவர் காத்த ஒழுங்கு அது. முன்பெல்லாம் அறையைப் பூட்டிவிட்டு, திரும்பும் வழியில் புளியமரத்தடியில் நின்று தனக்கு வந்ததைப் படிப்பார். வேலைக்குப் போவதில் வேலையிலிருந்து வருவதும் அடங்கும் என்பதை நாங்கள் யாரும் எண்ணியிருக்கவில்லை. அன்று கடிதத்தைப் பிரிக்கவும் அவருக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்குக் கதவு தட்டப்பட்டது. "போஸ்ட்டம்மா, ஒரே ஒரு கார்டுங்க." எழுந்த என்னைச் சித்தி கைபற்றி உட்காரவைத்தார். அடுப்படிச் சுவரில் சாய்ந்து கடிதத்தைப் பிரித்தார். 'நீ வந்தாத்தான் எனக்குப் பூசை' என்ற வரியில் அவருடைய விரல் நின்றது. மீண்டும் தட்டினார்கள்.

"பத்து மணிக்கு வாங்க" என்றார் சித்தி. குரல் உயரவில்லை.

"வூட்லயே குந்திக்கிட்டு இத்தன கிராக்கியா" என்ற முணுமுணுப்பு தெருவில் தேய்ந்தது. அதன் பின்னும் வெகுநேரம் அவர் கதவையே பார்த்திருந்தார். பிறகு கடிதத்தை முதல் வரியிலிருந்து மறுபடி படித்தார்.