நசுங்காத எலுமிச்சம்பழம்

சென்ற மாசி மாதத்தில் ஒரு காலை, கரும்பு ஏற்றிய டிராக்டருக்கு ஒரு முழம் பின்னால் என் கார் நின்றது. பிரேக்கை மிதித்த கால், பஞ்சுப் பொதிக்குள் புதைவதைப் போல் இறங்கிக்கொண்டே போனது. மூன்றாம் முறை மிதித்த பிறகே வண்டி பிடித்தது. பின்னிருக்கையில் என் கணவர் கண்மூடிச் சாய்ந்திருந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

அவருடைய சிறுநீரகங்கள் செயலிழந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. வாரத்தில் மூன்று நாள், சுந்தரபாண்டியத்திலிருந்து திருவில்லிபுத்தூர் வழியாக இராசபாளையத்துக்கு டயாலிசிசுக்கு நான்தான் அழைத்துச் செல்கிறேன். முடிந்து திரும்பும்போது இரத்த அழுத்தம் தாழ்ந்துவிடும்; பேருந்தில் அவரால் நிமிர்ந்து உட்காரவும் இயலாது. இருபத்திரண்டு ஆண்டு ஓடிய அந்தக் கார்தான் எங்களுக்குக் கால்.

முன்சக்கரங்களில் பிரேக் இறுகியதால், முந்தைய வாரம் மெக்கானிக், சக்கரத் தட்டைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு காலிபர்களையும் கழற்றிச் சீர்செய்து மாட்டியிருந்தார். மெத்தென்ற அந்த மிதி அதன் பிறகு வந்ததுதான். பிரேக் எண்ணெய்க்குள் காற்று புகுந்திருக்கும் என்று, அதை வெளியேற்ற அவர் மூன்று முறை ஏர் எடுத்தார். எண்ணெயை மாற்றினார், எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரையும் மாற்றினார். எங்கும் கசிவில்லை. மிதி மட்டும் மாறவில்லை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“பழைய வண்டி டீச்சர், அம்புட்டுத்தான். ரெண்டு மிதி சேத்து மிதிச்சு ஓட்டுங்க.”

என் கொழுந்தனார் படையிலிருந்து ஓய்வு பெற்றுச் சேத்தூரில் உழவு பார்ப்பவர். அவர் வேறு காரணம் கண்டுபிடித்தார்.

“மதினி, பொம்பள மிதிச்சா எந்தப் பிரேக்கும் மெத்துனுதான் இருக்கும். வண்டியப் பழைய இரும்புக்குப் போடுங்க. அண்ணன நான் கூட்டிட்டுப் போறேன்.”

சாவியை நீட்டினேன். மிதித்துப் பார்த்தார். அவர் காலுக்கும் மெத்தென்றே இறங்கியது. ஆனாலும் விற்கச் சொல்வதை நிறுத்தவில்லை. அன்பினால் சொன்னார் என்பதை அறிவேன். ஆனால் அவருக்கு நடவும் அறுவடையும் உண்டு. என் கணவரின் உயிர் இன்னொருவருடைய ஓய்வு நேரத்துக்காகக் காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுது முடித்ததும் கோபம் வந்தது.

அந்தக் கோபத்தோடுதான், செண்பகத்தோப்பு போகும் வழியில் மலையடியில் இருக்கும் நம் குலதெய்வம் கருப்பசாமியிடம் பேருந்திலும் ஆட்டோவிலுமாகப் போனேன். கைகூப்பினேன். தலை தாழ்த்தவில்லை.

“இத்தன வருசம் பொங்கல் வச்சிருக்கேன், கெடா வெட்டிருக்கேன். அதிசயம் ஒண்ணும் கேக்கல. தப்பு எங்க இருக்குன்னு என் கண்ணுல காட்டு. காட்டுற வரைக்கும் வண்டிய விக்கவும் மாட்டேன், உன்ன விடவும் மாட்டேன்.”

பூசாரி ஓர் எலுமிச்சம்பழத்தைக் கொடுத்து, முன்சக்கரத்தை அதன்மேல் ஏற்றினால் தோசம் கழியும் என்றார். முதலில் வண்டி நிற்கட்டும், பிறகு ஏற்றுவதைப் பார்க்கலாம் என்றேன்.

“ஒங்க வாய்க்குக் கருப்பனே பயப்படுவான் டீச்சர்” என்று சிரித்தார். பழத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் கொழுந்தனாரின் வண்டியில் மருத்துவமனைக்குப் போனோம். இயந்திரத்தை ஆயத்தம் செய்த செவிலி, இரத்தத்தை வடிகட்டும் குழலைத் தலைகீழாகத் திருப்பி விரலால் தட்டினார். நான்கு ஆண்டுகளாகக் காணும் காட்சி. அன்றுதான் ஏன் என்று கேட்டேன்.

“காத்து மேலதான் ஏறும்மா. வாய மேல பாத்து வச்சாத்தான் வெளிய போகும். கவுத்து வச்சா எம்புட்டு ஊத்துனாலும் உள்ளயே கெடக்கும்.”

பிரேக் எண்ணெய்க்குள் சிக்கிய காற்று சட்டென நினைவுக்கு வந்தது. இது செவிலியின் குரல்தான். கேட்க வைத்தவன் யார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பிவிட்டு, தரையில் படுத்து முன்சக்கரத்தின் உட்புறத்தைப் பார்த்தேன். காற்றை வெளியேற்றத் திறக்கும் நிப்பிள், காலிபரின் அடியில் இருந்தது. மறுசக்கரத்திலும் அடியில்தான். மேலே தேங்கிய காற்றுக்கு வழியே இல்லை. மெக்கானிக்கை வரச் சொன்னேன்.

“எனக்கே பாடம் எடுக்கப் போறீங்களா டீச்சர்?”

“ஆமா. குனிஞ்சு பாருங்க.”

குனிந்தார். இரண்டு சக்கரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “எடது காலிபர வலதுலயும் வலது காலிபர எடதுலயும் மாட்டிருக்கேன்” என்றார். மழுப்பாமல் ஒப்புக்கொண்டதற்காக அவரை மதிக்கிறேன். அங்கேயே கழற்றி, இடம் மாற்றி மாட்டினார். நிப்பிள் இப்போது மேலே வந்தது. திறந்ததும், குழாய் வழியே குமிழ் குமிழாகக் காற்று வந்தது. பாதி தூரத்திலேயே மிதி கல்லைப் போல் நின்றது.

கொழுந்தனாரைச் சாட்சியாக நிறுத்தி, ஆளில்லாத வயல் பாதையின் நடுவில் அந்த எலுமிச்சம்பழத்தை வைத்தேன். தொலைவிலிருந்து விரைந்து வந்து ஒரே மிதி மிதித்தேன். பழத்துக்கு ஒரு சாண் முன்னால் சக்கரம் நின்றது.

“மதினி, பழம் நசுங்கலயே?”

“நசுங்கக் கூடாதுன்னுதான் வச்சேன்.”

அப்பழத்தை முழுதாகவே கொண்டுபோய்க் கருப்பனின் காலடியில் வைத்தேன். அன்று மட்டும் தலை தாழ்த்தினேன். அவனை அதட்டிக் கேட்டதற்கு வருந்தவில்லை. அவனும் சினந்ததாகத் தெரியவில்லை. அது முதல் எந்தப் பழுதையும் குனிந்து பாராமல் வண்டியை எடுப்பதில்லை.

கருப்பனை நம்பும் உறவுகளே, “அம்புட்டுத்தான்” என்று மனிதர் சொன்னால் அதைத் தெய்வத்தின் தீர்ப்பாகக் கொள்ளாதீர்கள். அவன்முன் நின்று உரிமையோடு கேளுங்கள். கேட்டபின் கண்ணைத் திறந்தே வைத்திருங்கள்; எந்த வாயால் மறுமொழி சொல்வான் என்பது நமக்குத் தெரியாது.

நாளை டயாலிசிஸ் நாள். காலை ஆறு மணிக்கு வண்டி கிளம்பும். நான்தான் ஓட்டுகிறேன்.