பிலோமினா பார்த்த கை

காலையில் ஆய்வகக் கதவைத் திறந்துகொண்டிருந்தபோது பிலோமினாவின் தம்பி போன் செய்தார். "அக்கா போயிருச்சு சார்" என்றார். பிலோமினா உடம்புக்கு முடியாமல் இருந்தார் என்பது இங்கே கூடியிருக்கும் நம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மனசு ஆறவில்லை.

திண்டுக்கல்லில் ஒரே கல்லூரியில், ஒரே அறையில் நாங்கள் வேலை பார்த்தோம். மனிதர்கள் நடப்பதைப் படம்பிடித்து, கணினியில் எலும்பும் தசையுமாக ஓர் உருவம் செய்து, அதை அதேபோல் நடக்கவைப்பது எங்கள் வேலை. அதற்கான மென்பொருள், உருவம் நாலடி நடப்பதற்குள் தானாக மூடிக்கொள்ளும். மாணவர்கள் பதறிப்போய் அதை அழித்துவிட்டு மறுபடி ஏற்றுவார்கள். பிலோமினா நிதானமாக வந்து, "ஏப்பா, மொதல்ல ஃபைல் பேரைக் காட்டு" என்பார். ஒருவன் 'கடைசி', 'புதுக் கடைசி', 'உண்மையான கடைசி' என்று இடைவெளி விட்டுவிட்டுப் பேர் வைத்திருப்பான். இடைவெளியை எடுத்ததும் உருவம் எழுந்து நடக்கும். அறையே சிரிக்கும், பேர் வைத்தவனும் சேர்ந்து சிரிப்பான். எவ்வளவு நல்ல நாட்கள் அவை!

பாண்டியம்மாளின் விஷயம் அப்படித் தீரவில்லை. அவர் நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் மூட்டை கட்டுகிறவர். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிப்போனது. அந்தக் காலைத் தாங்க இலேசான பட்டை ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருந்தோம். அது எவ்வளவு பாரம் தாங்க வேண்டும் என்பதைக் கணினிதான் சொல்ல வேண்டும். ஆனால் இடது கால் ஊன்றும் நொடியில், ஒவ்வொரு முறையும் மென்பொருள் மூடிக்கொண்டது. கணினி உருவத்தின் தசைக்கு இல்லாத பலத்தைக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தால் ஓடிவிடும், பலரும் செய்வதுதான் என்றார்கள் மாணவர்கள். பிலோமினாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"கம்ப்யூட்டர் ஓடிரும். அந்தம்மா விழுந்துருவாங்க."

பாண்டியம்மாளை மறுபடி வரவழைத்து நடக்கச் சொன்னார். திரையைப் பார்க்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையால் பாண்டியம்மாள் சேலைக் கொசுவத்தைப் பிடித்திருந்தார். புது இடம், ஆண்கள் இருக்கிறார்கள், கூச்சம் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். பிலோமினா பக்கத்தில் போய், சேலையையா பிடித்திருக்கிறீர்கள் என்று மெதுவாகக் கேட்டார்.

"இல்ல தாயி, தொடைய அமுக்குனாத்தான் காலு நிக்கும். சேலையப் புடிச்சாப்ல இருந்தா யாரும் பாக்க மாட்டாக."

எங்கள் உருவத்தில் அந்தக் கை இல்லை. அது எவ்வளவு அழுத்துகிறது என்று அளந்து சேர்த்தோம், உருவம் கடைசிவரை நடந்தது. கை செய்த வேலையையும் சேர்த்துத் தாங்கும்படி பட்டையைச் செய்தோம். "நின்னு போச்சுன்னா, நாம எதையோ பாக்கலன்னு அர்த்தம்" என்று பிலோமினா அன்று சொன்னதை அவரிடம் படித்த உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள்.

அடக்கத்தன்று பாண்டியம்மாள் வந்திருந்தார். கனமான மல்லிகை மாலையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, மாதா கோயில் வாசலிலிருந்து சவப்பெட்டி வரைக்கும் நடந்தார். அதுவரை அழாத நான் அங்கே அழுதுவிட்டேன். பிலோமினாவிடமிருந்து என்னிடம் மிச்சம் இருப்பது என்ன என்று கேட்டால், அந்த நடையைத்தான் சொல்வேன்.